குறட்டையும் குழலும்



மனிதர் நகைப்பதற்கென்றே ஒதுக்கி வைத்த பொருள்கள் சில உலகில் உண்டு. குறட்டை அவற்றுள் ஒன்று. நாடக மேடையில் ஒருவன் குறட்டை விட்டால் அவையோர் சிரிக்கின்றனர். விருந்துக்கு வந்து தங்கிய உறவினர் இரவில் விட்ட குறட்டை மறுநாட் காலையில் வீட்டாருக்குக் கதையாகின்றது. அந்த ஒலி திடீரென அடங்கி, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் ஒரு பெருமூச்சோடு மீண்டும் எழுவதுண்டு. அந்த அமைதிக்குள் ஓர் உடல் மூச்சுக்காகப் போராடியது என்ற எண்ணம் கேட்டிருப்போர்க்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்ட வரலாற்றிலே மூன்று நகைப்புகள் வருகின்றன. உறங்குகின்றவனைக் கண்டு உலகம் நகைத்தது முதலாவது. அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ஊதுகருவி ஒன்றைக் கேட்டு, அந்நாட்டிற் குடியேறிய வெள்ளையர் நகைத்தது இரண்டாவது. அந்தக் கருவியை ஊதினால் அந்த உறக்க நோய் தணியுமா என்று ஆராய்ந்தவர்களைப் பார்த்து நம் காலத்தவர் நகைத்தது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுகூடிய இடத்திலேதான் பயனுள்ள ஓர் உண்மை வெளிப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் சுவை.

முதலில் நோயின் கதையைப் பார்ப்போம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே கருங்கடற் கரையில் ஹெறக்லியா என்னும் கிரேக்க நகர் ஒன்று இருந்தது. அதனைத் தயோனிசியஸ் என்பவன் ஆண்டான். உண்டியும் சுகபோகமும் அவனுடைய உடலை அளவின்றிப் பெருக்கச் செய்தன. உடல் பெருகப் பெருக மூச்சுத் திணறலும் பெருகிற்று. அவன் ஆழ்ந்து உறங்கிவிட்டால் மூச்சடைத்து இறந்துபோவான் என்று அஞ்சிய வைத்தியர்கள் விந்தையான ஒரு முறையைக் கையாண்டனர். நீண்டு மெலிந்த ஊசிகளை அவனுடைய விலாவிலும் வயிற்றிலும் செலுத்துமாறு ஏற்பாடு செய்தனர். கொழுப்பைக் கடக்கும் வரையில் ஊசி அவனுக்கு உணர்ச்சி தராது. கொழுப்பைக் கடந்து தசையைத் தொட்டவுடன் அவன் விழித்துக்கொள்வான். மக்களுக்குக் காட்சி தரும்போது உடலை ஒரு பெட்டியின் பின்னே மறைத்து முகத்தை மட்டும் காட்டுவானாம். இக்கதையை அதினேயஸ் என்னும் பிற்காலக் கிரேக்க ஆசிரியர் தம் நூலிலே தொகுத்து வைத்திருக்கிறார். படிப்பவர் சிரிப்பர். ஆயினும் அந்த வைத்தியர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர். அவனுக்கு எமனாக வந்தது அவனுடைய உறக்கமே என்பதுதான் அந்த உண்மை.

பல நூற்றாண்டுகள் கடந்து ஆங்கில நாட்டிற்கு வருவோம். 1836 ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்னும் இளம் எழுத்தாளர் பிக்விக் சங்கத்தாரின் கதையை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதிலே யோ என்னும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். அவன் ஏவலாள். நின்றபடியும் உறங்குவான், வண்டியின் மேலிருந்தும் உறங்குவான், உறக்கத்திற் குறட்டையும் விடுவான். ஆங்கில வாசகர் அவனைக் கண்டு வயிறு குலுங்க நகைத்தனர். டிக்கன்ஸ் வைத்தியர் அல்லர். ஆயினும் அவருடைய கண் வைத்தியர் பலருடைய கண்ணிலும் கூரியது. அவர் படைத்தது ஒரு சோம்பேறியின் உருவம் அன்று, ஒரு நோயாளியின் உருவம் என்பதை மருத்துவ உலகம் உணர நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இடையிலே ஒருவர் உண்மைக்கு மிக அருகிற் சென்றார். 1889 ஆம் ஆண்டில் வில்லியம் ஹில் என்னும் வைத்தியர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில், பிள்ளைகள் படிப்பிற் பின்தங்குவதற்கான காரணங்கள் சிலவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பிலே மந்தன் என்று பெயரெடுத்த பிள்ளை தலையிடியால் வருந்துவதையும், மூக்கை விடுத்து வாயால் மூச்சு விடுவதையும், இரவிலே குறட்டை விட்டு அமைதியின்றிப் புரளுவதையும் அவர் சேர்த்து நோக்கினார். குற்றம் பிள்ளையின் அறிவில் இல்லை, அவனுடைய மூச்சு வழியில் இருக்கலாம் என்பதே அவர் உணர்த்திய செய்தி. டொன்சில் என்று வழங்கும் தொண்டைச் சதையும், மூக்கின் பின்புறத்துச் சதையும் வீங்கிப் பருத்திருத்தலே பிள்ளைகளிடத்து இந்நோய்க்குப் பெரும்பான்மையான காரணம் என்பது இன்று நன்கறிந்த விடயம். பாடசாலைப் பணியிலே ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அக்கட்டுரையைப் பற்றி அறிந்த ஆசிரியர் எவரும் உறங்கி விழும் மாணவனைப் பிரம்பெடுத்து எழுப்புமுன் ஒருகணம் நின்று எண்ணுவர் என்று நம்புகிறேன்.

1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியரான பேர்வெல் என்பாரும் அவர்தம் துணைவர்களும் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினர். அவர் வணிக நிறுவனமொன்றின் அதிகாரி. உடல் மிகப் பருத்தவர். ஒருநாள் சீட்டாட்டத்தில் அவர் கைக்கு அரிதாகவே வாய்க்கும் உயர்ந்த சீட்டுகள் வந்து சேர்ந்தன. பணயத்தைப் பெருக்க வேண்டிய அந்த வேளையில் அவர் உறங்கிப்போனார். வெல்ல வேண்டிய ஆட்டத்தை உறக்கத்தால் இழந்த பின்னரே அவர் வைத்தியசாலையை நாடினார். அவருடைய நோய்க்கு வைத்தியர்கள் டிக்கன்சின் கதையை நினைந்து பிக்விக் நோய் என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்தது, காரணம் முற்றாகக் கிடைக்கவில்லை. உடற்பருமனே மூச்சைக் குறைத்துப் பகலில் மயக்கத்தைத் தருகின்றது என்று அவர்கள் எண்ணினர். நோயாளி உறங்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதை விடியும் வரை விழித்திருந்து அளந்து பார்த்தவர் அக்காலத்தில் இல்லை.

அந்தப் பணி 1965 ஆம் ஆண்டில் நிறைவேறியது. பிரான்சு நாட்டின் மார்செய் நகரிலே கஸ்தோ என்பாரும் அவருடைய குழுவினரும், ஜேர்மனியிலே யுங், கூலோ என்னும் இருவரும், உறங்குவோரின் மூச்சையும் மூளையின் மின்னலைகளையும் ஒருங்கே பதிவு செய்தனர். இரு குழுவினரும் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டனர். உறக்கத்திலே மூச்சு மீண்டும் மீண்டும் நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும் உறக்கம் கலைந்தது.

நேயர்களே, இதன் இயல்பைச் சிறிது விளக்க வேண்டும். நாம் விழித்திருக்கும்போது நாவையும் தொண்டையையும் சூழ்ந்த தசைகள் காற்று செல்லும் வழியைத் திறந்து பிடித்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. வழி சற்று ஒடுங்கினால், செல்லும் காற்று மெல்லிய சதையை அதிரச் செய்கிறது, அதுவே குறட்டை. வழி முற்றாக மூடிக்கொண்டால் மூச்சு நின்றுவிடுகிறது. நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்க முயல்கின்றன, காற்றோ உட்செல்வதில்லை. குருதியிலே பிராணவாயு குறைகின்றது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குகின்றவனைச் சற்றே எழுப்புகிறது. தசை இறுகி வழி திறக்கிறது, பெருமூச்சு வருகிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. பத்து விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகளும் குறைமூச்சுகளும் மணிக்கு 5 முதல் 15 வரை நிகழ்ந்தால் நோய் மெல்லியது. 15 முதல் 30 வரை என்றால் நடுத்தரமானது. 30 இற்கு மேற்பட்டால் கடுமையானது. காலையில் எழுந்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் நினைவில் இராது. எட்டு மணி நேரம் படுக்கையிற் கிடந்தும் ஏன் களைப்புத் தீரவில்லை என்று அவன் வியப்பான். இந்நோயைக் கவனியாது விட்டால் குருதி அழுத்தம் உயரும். இருதய நோய் வந்து சேரும். வாகனம் ஓட்டுகின்றவன் கண்ணயர்ந்தால் அவனுயிரோடு பிறருயிரும் போகும். இது நகைப்புக்குரியதன்று என்பது இப்பொழுது தெளிவாகும்.

நோய் தெரிந்தது, மருந்து யாது? 1969 அளவில் ஜேர்மானிய வைத்தியர்கள் கழுத்திலே துளையிட்டு, அடைபடும் இடத்துக்குக் கீழே மூச்சுக்குழாய்க்கு நேர்வழி அமைத்தனர். அது பயன் தந்தது. ஆயினும் குறட்டைக்காகக் கழுத்திலே துளை தாங்கி வாழ எத்தனை பேர் இசைவர்? 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே கொலின் சலிவன் என்னும் வைத்தியர் வேறொரு வழியைச் சோதித்தார். அந்தத் துளையை விரும்பாத நோயாளி ஒருவரின் மூக்கிலே கவசமொன்றைப் பொருத்தி, காற்றூதும் இயந்திரத்தினால் மெல்லிய அழுத்தத்தோடு காற்றை இடைவிடாது செலுத்தினார். அந்தக் காற்றே தளர்ந்த தொண்டைக்குத் தூணாக நின்று வழியைத் திறந்து வைத்தது. அன்றிரவு அந்நோயாளி தடையின்றி உறங்கினார். 1981 ஏப்பிரலில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு லான்செற் என்னும் மருத்துவ இதழில் இச்செய்தி வெளிவந்தது. இன்றும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை அதுவே. ஆயினும் இரவு முழுவதும் முகத்திலே கவசம் தாங்கி உறங்க இயலாதவர் பலர். நடுத்தர நிலையிலுள்ள நோயாளர் பலர் அதனைச் சில நாள் அணிந்து பின்னர்க் கைவிட்டுவிடுகின்றனர். அவர்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வேறு வழியும் அதே அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டது என்பதே வியப்பு. ஆனால் அது சிட்னி நகரத்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வரவில்லை. அக்கண்டத்தின் வடமுனையிலே ஆர்னெம் லாந்து என்னும் பரந்த நிலப்பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் சடங்கு வெளியிலிருந்து வந்தது. அதைப் பற்றி இனிக் கூறுகின்றேன்.

உலகம் டிஜெரிடூ என்று அழைக்கும் அந்தக் கருவிக்கு அதற்குரிய மக்கள் இட்ட பெயர் அதுவன்று. வடகிழக்கு ஆர்னெம் லாந்தின் யோல்ங்கு மக்கள் அதனை யிடாக்கி என்பர். மேற்குப் பகுதியார் மாகோ என்பர். டிஜெரிடூ என்பது அதன் ஒலியைக் கேட்ட வெள்ளையர் அவ்வொலியைப் போலச் சொல்லி இட்ட பெயர் என்று அறிஞர் கருதுவர். நாற்பதினாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று சிலர் இதனைப் புகழ்வர். அதற்குச் சான்று இல்லை. வட அவுஸ்திரேலியப் பாறை ஓவியங்களில் இக்கருவியை ஊதுவோர் உருவம் காணப்படுகின்றது. அவ்வோவியங்கள் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்று மதிக்கப்படுகின்றன. அக்கண்டம் முழுவதிலும் பண்டு வழங்கிய கருவியும் அன்று இது. வடபகுதி மக்களுக்கே உரியதாக இருந்தது.

இக்கருவியைத் துளைப்பவன் மனிதன் அல்லன். அந்நாட்டு யூக்கலிப்ரஸ் மரங்களின் வயிரப் பகுதியைக் கறையான் தின்று உட்குடைந்து விடுகின்றது. கருவி செய்வோர் காட்டிலே சென்று மரத்தைத் தட்டித் தட்டி அதன் ஓசையைக் கேட்கின்றனர். உள்ளே வெறுமை எவ்வளவு, அது சீராக ஓடுகின்றதா என்பதை அவர்கள் செவி கூறும். தக்க மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, உட்புறத்தைத் துப்புரவு செய்து, வாய் வைக்கும் விளிம்பிலே தேன்மெழுகு பூசுகின்றனர். பெரும்பாலும் ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரை நீளமுடைய குழல் இவ்வாறு உருவாகின்றது. சிலவற்றின் மேலே குலத்துக்குரிய கோலங்கள் தீட்டப்படுவதுண்டு. பாடுபவர் கைக்கோல்களைத் தட்டித் தாளம் இட்டு முன்னோரின் பயணங்களையும் நிலத்தின் கதைகளையும் பாட, ஊதுபவர் அப்பாட்டைத் தாங்கிச் செல்வார். சாவுச் சடங்கிலும் இளைஞரை ஆடவர் நிலைக்கு உயர்த்தும் சடங்கிலும் இவ்வொலி எழும். சடங்குகளில் இதனை ஊதுவது ஆடவர்க்குரிய பணி.

ஊதும் முறையே நம் பொருளுக்கு இன்றியமையாதது. இக்கருவியிலே ஒலி இடையறாது செல்ல வேண்டும். மூச்சு வாங்குவதற்காக ஊதுவதை நிறுத்துதல் ஆகாது. ஆகவே ஊதுகின்றவர் கன்னங்களிலே காற்றைச் சேமித்து வைத்து, கன்னத் தசையாலும் நாவாலும் அதனை வெளியே தள்ளிக்கொண்டே, அதே கணத்தில் மூக்கால் விரைந்து மூச்சை உள்ளிழுக்கின்றார். முன்னாளில் நாதசுரத்துக்கு ஒத்து ஊதியவர்கள் சுருதி அறாமல் நிறுத்திய கலையை நம் கோயில் வீதிகளிலே கேட்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். உதடு, கன்னம், நா, அண்ணம், தொண்டை ஆகிய யாவும் ஒவ்வொரு கணமும் உழைத்துக்கொண்டிருந்தாலன்றி இது கைகூடாது. உறக்கத்திலே தளர்ந்து வழியை அடைக்கின்ற அதே தசைகளே இங்கே பணி புரிகின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளையர் இதனை எவ்வாறு கேட்டனர்? வட அவுஸ்திரேலியாவின் ராபிள்ஸ் குடாவில் 1829 இல் தங்கிய வில்சன் என்னும் கப்பல் வைத்தியர், 1835 இல் வெளிவந்த தம் பயண நூலிலே, அப்பகுதி மக்கள் ஊதிய மூங்கிற் குழலைப் பற்றிக் குறிப்பிட்டார். அவர் கண்டதைச் சொன்னார். ஆனால் 1919 ஆம் ஆண்டிலே சிட்னி நகரத்து வார இதழ் ஒன்று இக்கருவியை ஏளனம் செய்தது. இசைக்கருவி என்று சொல்லிக்கொள்ளும் இந்த மூங்கிலில் ஒரே ஓர் ஒலிதான் உண்டு, அது முடிவின்றித் தொடர்ந்து செவியை வதைக்கும் என்பது அதன் கருத்து. ஒரே ஒலி என்று அவர்கள் கேட்டதற்குள் எத்தனை ஒலிகள் அடங்கியிருந்தன என்பதை அறிவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 2005 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆராய்ச்சியாளர், ஊதுவோரின் வாய்க்குள்ளே நிகழ்வனவற்றைக் கருவிகொண்டு அளந்தனர். நாவும் தொண்டையும் மாறி மாறிக் கொள்ளும் வடிவமே அந்த ஒற்றைச் சுருதிக்குள் பல்வேறு நாதங்களைத் தோற்றுவிக்கின்றது என்றும், தேர்ந்தவர் ஊதும்போது குரல்வளையின் வாயிலை ஏறத்தாழ மூடியே வைத்திருக்கின்றனர் என்றும் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழிலே வெளியிட்டனர். ஏளனம் செய்தவரின் செவிக்கு எட்டாத நுட்பம் அந்த மக்களின் தொண்டைக்குள்ளே பல தலைமுறைகளாகப் பயின்று வந்திருக்கின்றது.

இனி இவ்விரு வரலாறும் சந்திக்கும் இடத்திற்கு வருவோம். அந்த இடம் சுவிற்சர்லாந்து. அங்கே அலெக்ஸ் சுவாரெஸ் என்பவர் டிஜெரிடூ ஊதக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். சில மாதங்கள் பயின்றபின் தமக்கும் தம் மாணவர் சிலருக்கும் குறட்டை குறைந்ததையும் பகல் உறக்கம் தணிந்ததையும் அவர் கண்டார். அவர்களுள் ஒருவருக்கு மணிக்கு 17 ஆக இருந்த மூச்சுத் தடை 2 ஆகக் குறைந்திருந்தது. இத்தகைய செய்தி ஒன்று கிடைத்தால் உலகிலே இருவகையாக நடப்பவர் பலர். ஒரு வகையார் அதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவர். மற்றொரு வகையார் உடனே அதனை அருமருந்தென்று விளம்பரம் செய்து விற்பர். சுவாரெஸ் இவ்விரண்டும் செய்யாது மருத்துவ ஆராய்ச்சியாளரோடு கூடினார். மைலோ பூஹன், ஒற்றோ பிறேண்ட்லி முதலானோர் அவரை மதித்து, அவர் கூறியதை முறைப்படி சோதிக்க முன்வந்தனர்.

சோதனை நிகழ்ந்த முறையைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். குறட்டையால் வருந்துபவரும், மணிக்கு 15 முதல் 30 வரை மூச்சுத் தடை உள்ளவருமான 25 பேரை அவர்கள் தேர்ந்தனர். மிகப் பருத்தவர்களையும், மது மிகுதியாக அருந்துவோரையும், சிட்னி இயந்திரத்தைப் பயன்படுத்துவோரையும் சேர்க்கவில்லை. எவர் ஊதுவது, எவர் காத்திருப்பது என்பதைத் தம் விருப்பப்படி தீர்மானியாது, திருவுளச்சீட்டு முறையிற் பிரித்தனர். அதன்படி 14 பேர் ஊதக் கற்றனர். 11 பேர் தம் முறை வரும்வரை காத்திருந்தனர். கறையான் குடைந்த மரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஆதலால் 130 சென்றிமீற்றர் நீளமும் 4 சென்றிமீற்றர் விட்டமும் உடைய பிளாத்திக்குக் குழல்களை யாவருக்கும் ஒரே அளவாக வழங்கினர். முதற் பாடத்திலே உதட்டை அதிரச் செய்து 20 முதல் 30 விநாடி வரை ஒலியை நிறுத்தப் பயின்றனர். அடுத்த பாடத்திலே இடையறாது ஊதும் மூச்சுக் கலையைக் கற்றனர். பின்னர் உதடும் தொண்டையும் குழலும் இசைந்து இயங்கும் நுட்பம். வாரத்தில் ஐந்து நாளேனும், நாளொன்றுக்கு 20 நிமிடமேனும் வீட்டிற் பயில வேண்டும் என்பது கட்டளை. அவர்களோ சராசரியாக வாரத்தில் 5.9 நாள், நாளுக்கு 25.3 நிமிடம் ஊதினர். கட்டளைக்கு மேலாக வீட்டுப்பாடம் செய்யும் மாணவரைக் காண்பது எத்துணை அரிது என்பதை ஆசிரியர்கள் அறிவர்!

நான்கு மாதங்களின் பின் கணக்கெடுத்தனர். ஊதியவர்களுக்கு மணிக்கு 22.3 ஆக இருந்த தடை 11.6 ஆகக் குறைந்தது. எட்டு மணி நேர உறக்கத்திலே ஏறத்தாழ 178 முறை நின்றும் குறைந்தும் வந்த மூச்சு, 93 முறையளவில் நின்றது எனலாம். காத்திருந்தவர்களுக்கும் 19.9 இலிருந்து 15.4 ஆகச் சிறிது குறைந்தது. இதனாலேதான் காத்திருப்போர் குழு ஒன்று வேண்டும் என்பது. நோய்கள் தாமாகவே ஏறியும் இறங்கியும் வரும். ஊதியவரை மட்டும் பார்த்திருந்தால் 10.7 முழுவதையும் குழலின் பெருமை என்று எண்ணியிருப்பர். மற்றக் குழுவினர் தாமாக அடைந்த 4.5 ஐக் கழித்தபின் எஞ்சும் 6.2 மட்டுமே குழலுக்கு உரியது.

பகல் உறக்கத்தை அளப்பதற்கு ஓர் அளவை உண்டு. 1991 இல் மெல்பேண் நகரத்து எப்வேர்த் வைத்தியசாலையிலே மரே யோன்ஸ் என்பார் வகுத்த அவ்வளவையில் 24 புள்ளிகள் உள்ளன. பத்தைத் தாண்டினால் உறக்கம் மிகுதி எனப்படும். ஊதியவர்கள் 11.8 இலிருந்து 7.4 இற்கு இறங்கினர்; காத்திருந்தவர்கள் 11.1 இலிருந்து 9.6 இற்கு இறங்கினர். ஒரே அறையில் உறங்கும் வாழ்க்கைத் துணைவர்களும் தங்கள் உறக்கம் முன்னைப்போலக் கலைவதில்லை என்றனர். நோயாளி அறியாத போராட்டத்தை இரவுதோறும் கேட்டிருந்தவர்கள் அவர்களே அன்றோ? அவர்களுடைய சாட்சியம் சிறியதன்று.

இம்முடிவுகள் 2005 ஆம் ஆண்டு இறுதியில் வெளியாகி, 2006 பெப்ரவரியில் அச்சேறின. வெளியிட்டது, 1889 இல் வில்லியம் ஹில் எழுதிய அதே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை. ஆராய்ச்சியாளர் தம் வெற்றியை மிகைப்படுத்தவில்லை. தாம் உறங்கும் உறக்கத்தின் தரம் பற்றி நோயாளர் அளித்த மதிப்பீட்டிலே இரு குழுவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் அவர்கள் மறையாது எழுதினர். 25 பேர் என்பது சிறுதொகை. நான்கு மாதம் என்பது குறுங்காலம். தான் குழல் ஊதுகின்றான் என்பதை ஊதுகின்றவனிடம் மறைக்கவும் இயலாது. கடுமையான நோயுடையோர் அச்சோதனையில் இடம்பெறவில்லை. எனவே இந்தக் குழல் சிட்னி இயந்திரத்துக்கு மாற்று என்று எவரும் கொள்ளலாகாது.

ஆயினும் அவர்கள் காட்டிய திசை தவறன்று என்பதற்குப் பின்னர்ச் சான்று வந்தது. 2009 இல் பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரத்து ஆராய்ச்சியாளர், குழல் எதுவுமின்றி, நாவுக்கும் அண்ணத்துக்கும் தொண்டைக்கும் பயிற்சி அளித்துச் சோதித்தனர். 31 பேர் அதிற் பங்குகொண்டனர். உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் மணிக்கு 22.4 ஆக இருந்த தடை 13.7 ஆகக் குறைந்தது. 2012 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரட்டைச் சீவாளி பொருத்திய மேனாட்டு ஊதுகருவிகளை வாசிப்போருக்கு இந்நோய் வரும் அபாயம் குறைவாக இருக்கக் கண்டது. ஆகவே மந்திரம் மரத்தில் இல்லை. நாள்தோறும் தளராது பயிலும் தசையிலே இருக்கின்றது.

மூன்றாவது நகைப்பு 2017 செப்டெம்பரில் எழுந்தது. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலே ஆண்டுதோறும் ஒரு வேடிக்கைப் பரிசு விழா நடந்து வந்தது. இக் நோபல் என்பது அப்பரிசின் பெயர். கேட்டவுடன் சிரிப்பையும் பின்னர்ச் சிந்தனையையும் தரும் ஆராய்ச்சிகளுக்கு அது வழங்கப்படுவது. சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியாளர் அறுவருக்கும் அவ்வாண்டு சமாதானப் பரிசு கிடைத்தது. குறட்டை தணிந்தால் இல்லறத்திலே சமாதானம் நிலவும் என்ற குறிப்பை உணர்ந்து அவை சிரித்திருக்கும். ஆனால் இந்த நகைப்பு முன்னைய இரண்டையும் போன்றதன்று. பருத்த பையனைக் கண்டு நகைத்தவர்கள் அவனுடைய நோயைக் காணவில்லை. மூங்கிலின் ஒலியைக் கேட்டு நகைத்தவர்கள் அதன் கலையைக் கேட்கவில்லை. இவர்களோ நகைத்தபின் நின்று எண்ணினர்.

இவ்வரலாற்றிலே யோல்ங்கு மக்களுக்குரிய இடத்தை நாம் மறத்தல் ஆகாது. அவர்கள் குறட்டைக்கு மருந்தாக யிடாக்கியைச் செய்தவர்கள் அல்லர். இறந்தவரை வழியனுப்பவும், முன்னோரை நினைக்கவும், நிலத்தைப் பாடவும் அவர்கள் அதனை ஊதினர். அந்த நோக்கத்திற்காகவே மூச்சை இத்துணைச் செம்மையாக அடக்கி ஆளும் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அவர்கள் காத்திராவிடில், சுவிற்சர்லாந்து ஆசிரியருக்குக் கற்பிக்க ஒன்றும் இருந்திராது. நோயாளர்க்குப் பயில ஒன்றும் இருந்திராது. பிளாத்திக்குக் குழலை ஊதி உறக்கம் பெற்றவர்கள் அந்தக் கடனை உணர்தல் வேண்டும். ஒரு மக்களின் கலையிலிருந்து நன்மை பெறுகின்றவர், அக்கலைக்கு அவர்கள் இட்ட பெயரையேனும் அறிந்து வைத்திருத்தல் நன்றியின் முதற்படி.

நேயர்களே, நம் வீடுகளிலும் இரவிலே குறட்டை எழுகின்றது. அதன் நடுவிலே மூச்சு நின்று நின்று வருமாயின், அல்லது உறங்கி எழுந்தவர் பகல் முழுவதும் உறக்கத்தோடு போராடுவாராயின், அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊதுகுழலோ இயந்திரமோ வேறு சிகிச்சையோ, எது தக்கது என்பதை வைத்தியரே பரிசோதித்துக் கூறுவார். வகுப்பிலே கண்ணயரும் பிள்ளையின் பெற்றோரிடம், அவன் இரவிலே எவ்வாறு உறங்குகின்றான் என்று கேட்பது ஆசிரியர்களுக்கு ஒரு நிமிட வேலை. அந்த ஒரு கேள்வி சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கான பழிச்சொல்லைத் தவிர்த்துவிடும்.